லெஃபேவ்ர் வீட்டம்மா

எங்கள் அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பலர் அட்டையில் இருக்கும் எங்கள் குடும்பப் பெயரைப் படிக்க முயன்று, வழக்கம்போலப் பாதியில் விட்டிருப்பீர்கள். சங்கடப்பட வேண்டாம். அம்மா அதற்காக யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

அம்மா பிறந்தது தேவதானத்தில், நெல்லும் தென்னையுமாக இருந்த விவசாயக் குடும்பத்தில். உடன்பிறந்தவர் ஒரே அண்ணன், பட்டாளத்தில் இருந்தவர். அவரை நாங்கள் தேவதானத்து மாமா என்போம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அம்மா தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். அங்கே தறி நின்றுபோனால் சரிசெய்யும் ஃபிட்டராக இருந்தவர் அப்பா.

அப்பாவின் பெயருக்குப் பின்னால் லெஃபேவ்ர் என்று ஒன்று இருந்தது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அப்பாவின் முன்னோர் ஒருவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் அது. எங்கள் உடம்பில் பிரெஞ்சு ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. என் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'பி' வரும், வாயில் வராது. பிரான்சிலேயே சிலர் அந்த 'பி'யை விட்டுவிட்டு எழுதுவார்களாம். சிலர் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு லெஃபெபூர் என்பார்களாம். "அவியளுக்கே சரியா வரல, நமக்கு எங்க வரப்போவுது" என்று அப்பா சிரிப்பார்.

இருவரும் விரும்பினார்கள். ராஜபாளையம் கத்தோலிக்கக் கோயிலில் திருமணம் என்று முடிவானபோது, விடுப்பில் வந்திருந்த மாமா கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். வேறு மதம், வேறு சாதி, ஊர் பேர் தெரியாத குடும்பம் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. வாயில் சொன்னது வேறு.

"ஏட்டி, அந்தப் பேரு என் வாயில வராது. நாளைக்கு நீயும் அந்தப் பேருலதான் இருப்ப. அப்ப நீயும் என் வாயில வர மாட்ட."

சொன்னபடி நடந்தும் கொண்டார். பட்டாளத்துக்காரர் அல்லவா.

ஊருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. கம்பெனியில் அம்மா லெபரம்மா ஆனார். தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அக்கா லெபேவருகாரு என்று கூப்பிட்டார். ரேஷன் கார்டில் ஒரு விதம், வாக்காளர் பட்டியலில் இன்னொரு விதம். கோயிலுக்குப் புதிதாக வரும் சுவாமியார்கள் ஒவ்வொருவரும் யார் யாருக்காகப் பூசை என்று கருத்து வாசிக்கும்போது எங்கள் பெயர் வந்ததும் ஒரு நொடி நின்று, மூச்சு வாங்கி, துணிந்து ஒன்றைச் சொல்வார்கள். நான் படித்த ராஜபாளையம் பள்ளியில் என் பெயரில் 'பி' உண்டு. பின்னால் தம்பி சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் அவன் பெயரில் 'பி' இல்லை. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் அக்கா தம்பியே அல்ல. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யாராவது தப்பாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துவேன். அம்மா என் கையைப் பிடித்து இழுப்பார்.

"விடுட்டி. நம்மளக் கூப்பிடணும்னு நெனச்சுக் கூப்பிடுதாகல்ல, அம்புட்டுப் போதும்."

நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா கம்பெனி வேலையை விடவில்லை. பேண்டேஜ் துணியை வெட்டிச் சுருட்டிக் கட்டிக் கட்டி அவர் விரல் நுனிகள் காய்ந்தே கிடக்கும். அந்த வேலையில் எங்களைப் படிக்க வைத்தார். புகுந்த வீட்டார் பெயரை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. "இது அவிய எனக்குக் குடுத்த பேரு" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அப்பா இறந்த பிறகு, ஒவ்வொரு அறுப்புக்கும் தேவதானத்திலிருந்து அரிசி மூட்டை வர ஆரம்பித்தது. கொண்டுவரும் டிரைவரிடம் மாமா சொல்லி அனுப்பும் விலாசம் இதுதான்: பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் தேவதானத்துப் பொம்பளை. டிரைவர் தெருவெல்லாம் விசாரித்து வந்து சேர்வார். அம்மா அரிசியை அள்ளி முகர்ந்து பார்ப்பார். "அரிசி வருது, பேருதான் வர மாட்டேங்குது" என்பார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைப்பார். அந்தச் சோறு தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் அம்மா காத்திருந்தது அரிசிக்கு அல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டில் இருந்தார். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேவதானத்துக்கும் தகவல் அனுப்பியிருந்தோம். ஒரு மதியம் நான் பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வரும்போது வார்டு வாசலில் மாமா நிற்கிறார். அம்மா வைத்திருந்த படத்தில் பார்த்த முகம், தலை முழுக்க வெளுத்திருந்தது. முதுகு மட்டும் பட்டாளத்து முதுகு.

"யாரப் பாக்கணும் தாத்தா?" என்றார் நர்ஸ்.

"தேவதானத்துப் பொண்ணு."

"அப்படிச் சொன்னா எப்படித் தெரியும்? பேரச் சொல்லுங்க."

மாமா அம்மாவின் பெயரைச் சொன்னார். அதே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். "எந்த வீட்டம்மா?" என்று நர்ஸ் கேட்டார். நான் ஓடிப்போய் அழைத்து வந்திருக்கலாம். போகவில்லை. சொல்லட்டும் என்று பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றேன். மாமா தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"லெபேரு வீட்டம்மா."

வாசலை ஒட்டியிருந்த கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன சொன்ன?"

"லெபேரு."

"அது இல்லண்ணே. லெஃபேவ்ர். மேல் பல்லு கீழ் உதட்டுல படணும். சொல்லு."

நானும் கட்டிலருகே இருந்த தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரேஷன் கடைக்காரரையோ சுவாமியாரையோ பள்ளிக்கூடத்தையோ வாழ்நாளில் ஒருமுறைகூடத் திருத்தாத எங்கள் அம்மா, மூச்சு இரைக்க இரைக்கத் தன் அண்ணனைத் திருத்திக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பல்செட் வேறு. லெபேவரு என்றார், லெப்பேர் என்றார். அம்மா விடவில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே தானும் சொல்லிப் பார்த்தார்.

"லெஃபேவ்ர்" என்றார் மாமா கடைசியில்.

"ம். இப்ப வருது." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறவு ஏண்ணே அழுத?"

"வாரதுக்கு இம்புட்டு நாளாயிட்டே, அதான்."

அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த வாரத்திலேயே, தூக்கத்தில், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். ராஜபாளையத்தில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மாமா தன் கையால் போர்த்தினார்.

அம்மாவைக் கடைசிவரை கவனித்த நர்ஸ்களுக்கும், அடக்கத்தன்று எங்கள் வீட்டு அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நின்ற கம்பெனித் தோழிகளுக்கும், ஒவ்வொரு மாதமும் அம்மாவுக்காகப் பூசை வைத்த சுவாமியாருக்கும் எங்கள் நன்றி. லெபர், லெபேவருகாரு என்று தங்களுக்கு வந்தபடி அம்மாவை வாய் நிறையக் கூப்பிட்ட எல்லோருக்கும் தனி நன்றி. உங்களால்தான் அம்மா இந்த ஊர்களில் அந்நியமாக உணராமல் வாழ்ந்தார்.

மலர் அச்சுக்குப் போகுமுன் மாமாவுக்குப் போன் செய்து, அவர் படத்துக்குக் கீழே பட்டாளத்தில் வகித்த பதவியைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு தாயி" என்றார். "லெஃபேவ்ர் வீட்டம்மாவோட அண்ணன்னு போடு."