சைக்கிளுக்கு வைத்த சந்தனம்

எங்கள் தெருமுனைக்குப் பொது சைக்கிள் வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்தவன் நான்தான். திண்டிவனத்துக்குப் படிக்கப் போகிற என் மகள் தினமும் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போகிறாள். சைக்கிள் இருந்தால் அந்த நடை மிச்சமாகும்.

ஒருவழியாக அம்மன் கோயில் எதிரில் எட்டு சைக்கிள் வந்தது. கைப்பிடிக்கு நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர். அதற்கு நேரே போனைக் காட்டினால் பூட்டு திறக்கும்.

"ஒரு வாரம் பார்ப்போம். ஆள் எடுக்கலன்னா கோட்டை அடிவாரத்துக்கு மாத்திடுவோம். யார் எடுக்கறாங்கன்னு கம்ப்யூட்டர்லயே தெரியும்" என்றார் சைக்கிளை இறக்க வந்த அதிகாரி.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ரெண்டு நாள் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் ஆயுத பூஜை. ஊருக்கு உழைக்கிற வண்டியைச் சும்மா விட மனசு வரவில்லை. எட்டையும் கழுவி, மாலை போட்டு, நெற்றி மாதிரி இருந்த அந்த ஸ்டிக்கரில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, குங்குமம் வைத்தேன்.

விஜயதசமி லீவு முடிந்த மறுநாள் விடியற்காலை மகள் ஸ்டிக்கருக்கு நேரே போனைக் காட்டினாள். திறக்கவில்லை.

"நைனா, சந்தனம் மறைக்குது. தொடைச்சிடட்டா?"

"சாமிக்கு வெச்சத அழிக்கக் கூடாதும்மா. தானா உதிரும். ஆத்தா பாத்துக்குவா. இன்னிக்கு ஒருநாள் நடந்து போ."

அவள் நடந்து போனாள். ஆத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சந்தனம் உதிரவில்லை, கல்லாகக் காய்ந்தது. வந்தவர்கள் எல்லாம் போனைக் காட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

"இன்னா மாமா, சைக்கிளுங்க எல்லாம் விரதமா?" என்று டீக்கடைக்காரன் சிரித்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாரம் முடிந்ததும் லாரி வந்தது. "நாலு நாளா ஒருத்தரும் தொடலியே" என்றார் அதிகாரி. நான் சந்தனத்தைச் சொன்னேன். அவர் கட்டைவிரலால் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி, போனைக் காட்டினார். பூட்டு டக்கென்று திறந்தது.

"பாத்தீங்களா சார், நல்லாத்தான் இருக்குது!"

"அதெல்லாம் சரிதான். மாத்தற லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிடுச்சு" என்று ஏற்றச் சொன்னார். அந்த விரலில் ஒட்டிய சந்தனத்தை என் கண் முன்னாலேயே கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இப்போது கோட்டை பார்க்க வருகிறவர்கள் அதில் ஏறி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் கோயிலுக்குப் போகிறேன். கும்பிடக் கை எழும்புகிறது, வாயில் வேண்டுதல் வருவதில்லை. என் மகள் இன்னும் நடந்துதான் போகிறாள். விடியற்காலையில் வாசலில் அவள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறேன்.