டிபன் பாக்ஸ் மூடி

மறுநாள் சமூகவியல் தேர்வு. போடியில் ரேவதி வீட்டு மாடியில் அவளும் மல்லிகாவும் நானும் காலையிலிருந்து படித்தோம். படித்தது நான், மற்ற இருவரும் ஓயாமல் பேசினார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் 'குற்றமும் பிறழ்நடத்தையும்' பாடத்துக்கு நான் எழுதிய நோட்டைக் காணவில்லை.

"யாரு எடுத்தது? பையைக் காட்டுங்கடி!" என்று கத்தினேன்.

"ஒன் நோட்டு யாருக்குடி வேணும்?" என்று ரேவதி பையை என் பக்கம் தள்ளினாள்.

மல்லிகா தன் பையை முன்னால் இழுத்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம் அவளுடையது. லீவில் அவளும் காய் எடுக்கப் போவாள். பையைக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியையும் திருப்பிக் காட்டினாள். எழுந்து நின்று துப்பட்டாவை உதறினாள்.

"நோட்டு டிபன் பாக்ஸுக்குள்ளயாடி இருக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"தோட்டத்துல சாயங்காலம் கங்காணிகிட்ட இப்பிடிக் காட்டிட்டுத்தான் ஜீப்பு ஏறணும். காய ஒளிச்சு வச்சிருக்கமான்னு பாப்பாக. பையைக் காட்டுன்னா கை தானா இப்பிடித்தான் போகுது" என்றாள் சாதாரணமாக.

தண்ணீர் குடிக்க என் பையைத் திறந்தேன். பாட்டிலுக்குப் பின்னால் நோட்டு இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "கெடச்சிருச்சுல்ல? இனியாச்சும் கத்தாமப் படி" என்றாள் மல்லிகா.

சிலரை மட்டும் சமூகம் ஏன் முதலிலேயே சந்தேகிக்கிறது என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எரிச்சல்தான் வருகிறது. அன்று என் பையைக் காட்டச் சொல்லி யாருமே கேட்கவில்லை.