போணி நேரத்து இடது கை

என் மகளின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்ததை அன்று சாயங்காலம் எங்கள் திலக் நகர் வீட்டில்தான் பார்த்தேன். தாராவியில் என் அத்தான், கணவரின் அண்ணன், மளிகைக் கடை வைத்திருக்கிறார். விடுமுறைக் காலைகளில் அவள் உதவிக்குப் போவாள். அன்றைய முதல் வியாபாரத்தில் பொட்டலத்தை இடது கையால் நீட்டியிருக்கிறாள். அரிசி அள்ளும் தகரக் கரண்டியால் அவர் அந்தக் கையிலேயே அடித்திருக்கிறார்.

"ஏட்டி, போணியே பீச்சாங்கையிலயா? நாள் பூரா யாவாரம் வெளங்குமா?"

வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதுவரை இடது கையால் எழுதியவள் வலது கையால் எழுதத் தொடங்கினாள். அதில்தான் நான் குலைந்துபோனேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு மூலக்கூறுகளை வரைந்துகொண்டிருந்தாள். கோடுகள் கோணிக்கொண்டு போயின.

"பழகிட்டா வந்துரும்மா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நானும் வேதியியல் படித்தவள். அந்த இரண்டில் எது ஒழுங்கானது என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. அணுக்கள் அவையே, கொதிநிலையும் ஒன்றே. ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பும். மற்றது அதே அளவு இடப்பக்கம். சதகுப்பை விதை மணப்பதும் புதினா மணப்பதும் அப்படி ஒரு ஜோடியால்தான். இடப்பக்கம் திருப்புவது புதினாவில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு நானே அவளுடன் போனேன். வழியில் வாங்கிய புதினாக் கட்டை, கடையின் சதகுப்பை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஜோடியைப் பற்றி அத்தானிடம் சொன்னேன்.

"இதுல எதை அத்தான் தூக்கிப் போடணும்?"

"ஏம்மா, புதினாவுக்குக் கை கெடையாதே."

"அதனாலதான் அது அடி வாங்காமத் தப்பிச்சிது. இனி இவ கையில அடி விழுந்தா, நாங்க ரெண்டு பேரும் இந்தக் கடைப்படி ஏற மாட்டோம்."

அவர் பதில் சொல்வதற்குள் அன்றைய முதல் ஆளாக ஒரு மராத்தி அம்மாள் வந்து துவரம்பருப்பு கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இடது கையால் நீட்டினாள்.

"ஜல்தி தே, பேட்டி" என்று, சீக்கிரம் தரச் சொல்லி இந்தியில் அவசரப்படுத்தி, பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் ரயிலுக்கு ஓடினார். மகள் அதே கையால் நீட்டிய போணிப் பணத்தை என் அத்தான், பழக்கத்தில், இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

இன்றும் அவள் கடையிலிருந்து வந்தால் முதலில் இடது மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன். எழுதும்போது உரசிய மை, அந்தக் கையின் ஓரமெல்லாம் படிந்திருக்கிறது.