பாதி பிரேக்

பேருந்து ஓட்டும் அக்காவுக்குக் கால் மரத்துப்போய்விட்டதாம், பிரேக்கே பிடிக்கவில்லையாம். பணிமனையில் யாரோ கிளப்பிய இந்தப் பேச்சு, வெளிநாட்டில் இருக்கும் அவள் மகளின் காது வரைக்கும் போய்விட்டது.

நடந்தது வேறு. பைக்கில் வந்த ஒருவன் திடீரென்று குறுக்கே புகுந்தான். முழு பிரேக் போட்டால் நின்றுகொண்டு வந்தவர்கள் கம்பியில் போய் மோதுவார்கள். அவள் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி மட்டும் மிதித்து, வண்டியை ஓரமாக ஒடித்தாள். பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் மோதி நொறுங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"வயசாகுதுல்லக்கா, பேசாம கவுன்டர்ல உக்காந்துக்கங்களேன்," என்றார் மேலாளர்.

"கண்ணாடியத்தான் புதுசா மாட்டியாச்சே சார். நின்னவங்க மண்டைய எங்க வாங்கி மாட்டுவீங்க?"

"மேலிடத்துல டெஸ்ட் வைப்பாங்க."

"வைக்கட்டும். ஆனா என் வண்டியில வைக்கணும். நீங்களும் பின்னாடி நின்னுக்கிட்டே வாங்க."

மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

பேருந்து கிளம்பி முதல் திருப்பத்திலேயே அவள் கைப்பைக்குள் கைபேசி அடித்தது.

"அக்கா, உங்க பொண்ணு போலருக்கு," என்றார் நடத்துனர்.

"ஓட்டினது போதும்மான்னு சொல்லத்தான் கூப்பிடுறா. வண்டி ஓடுதுல்ல, அடிக்கட்டும்."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கியரை மாற்றினாள். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.