வரதன் மாமாவும் விளக்குப் பலகையும்

என் அக்கா புருஷன் வரதனைப் பற்றி யாராவது "பாவம், வெகுளி மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெகுளியாம் வெகுளி! வெகுளி என்றால் ஏமாறுகிறவன். அவரை யாரும் ஏமாற்றவில்லை. அன்றைக்கு நடந்தது வேறு. அது என்ன என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இத்தனை வருஷம் கழித்தும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்தில் பிறந்து அங்கேயே வலை போட்டவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. எண்கள் மட்டும் தெரியும். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. முறை என்று ஒன்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு ரசம் வருகிறவரை கையைச் சோற்றில் வைக்கமாட்டார். ஒருமுறை பழவேற்காட்டில் முடிவெட்டப் போனார். அவருக்கு முன்னால் வந்தவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பார்பருக்கு அவரை எழுப்ப மனசில்லை, மாமாவுக்கும் இல்லை. பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்காருங்கள் என்று பார்பர் சொல்லியிருக்கிறார். மாமா மதியம்வரை பெஞ்சிலேயே இருந்துவிட்டு, முடி வெட்டாமல் வீட்டுக்கு வந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஏரி கொடுத்த பழக்கம். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. மீனும் இறாலும் நன்றாக விழுகிற இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. முறை வந்தவன் வலையைக் கட்டிவிட்டு ஒரு கம்பில் அரிக்கேன் விளக்கை மாட்டுவான். அந்த விளக்கு எரிகிறவரை அது அவன் இடம். அடுத்தவன் படகோடு தள்ளி நிற்பான். சத்தம்கூடக் கொடுக்கமாட்டான். அதே மாதிரி, விளக்கு மாட்டினவனும் அதை எரியவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. வேலை முடிந்தால் அணைத்துவிட்டுத்தான் போகவேண்டும். எரியவிட்டுப் போனால் ஆளில்லாமல் இடத்தைப் பிடித்துவைத்தான் என்று அர்த்தம். அதைவிடக் கேவலம் எங்கள் ஊரில் கிடையாது. அப்படிச் செய்தவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள்.

யாருக்கு எந்த முறை என்று வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயிலுக்கு முன்னால் சீட்டுப் போட்டு எடுப்போம். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு இரண்டே இரண்டு. ஆள் நேரில் இருக்கவேண்டும். கட்டுவதற்குத் தயாராக வலை கொண்டுவந்து காட்டவேண்டும். எது இல்லாவிட்டாலும் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. மாமாவின் அப்பா, நைனா என்போம், உயிரோடு இருந்தவரை அவர்தான் சீட்டெடுத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம்தான் மாமா தன் பேருக்கு முதன்முதலாகச் சீட்டெடுக்க வேண்டும். நைனாவின் பழைய பருத்தி வலையோ கைவைத்தால் கிழிகிறது. நைலான் வலை பட்டணத்துக் கடையில்தான். கடைக்காரர் சரக்கு வந்துசேரும் என்று சொன்ன நாள், சரியாகச் சீட்டு எடுக்கிற நாளாகவே அமைந்துவிட்டது.

விடியும்போதே மாமா பஸ் ஏறினார். மதியத்துக்குள் திரும்பிவிடலாம், சாயங்காலம்தானே சீட்டு என்பது கணக்கு. நான் அப்போது பொன்னேரியில் ஒரு ரைஸ்மில்லில் வேலையில் இருந்தேன். சீட்டைப் பார்க்க லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன்.

வலை வாங்கியாகிவிட்டது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா பட்டணத்துப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வந்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. எங்கள் பஸ் வழக்கமாக நிற்கிற இடத்தில் வேறு ஏதோ ஊர் பஸ் நிற்கிறது. எல்லாவற்றையும் மாற்றிப்போட்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அங்கே ஒரு தகரப் பலகை இருந்தது. அதில் ரோடுகளைச் சிவப்பிலும் எங்கள் ஏரியை நீலத்திலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். அச்சடித்த மேப் மாதிரியே இருக்கும். ஊருக்குப் பக்கத்தில் பஸ் நிற்கிற இடத்தின் நம்பர் எழுதியிருக்கும். எழுத்துத் தெரியாத எங்கள் ஊர் ஜனம் அதில் வரைந்திருந்த திருப்பாலைவனத்துக் கோயில் கோபுரத்தில் விரலை வைத்து, அப்படியே மேலே இழுத்து, ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி நம்பரைப் பார்த்துக்கொள்ளும். விரல் பட்டுப் பட்டு பழவேற்காட்டில் பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது.

அந்தப் பலகை இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட பெரிய பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மேப், மேப் முழுக்கக் குட்டிக் குட்டி பல்புகள், கீழே வரிசையாகப் பொத்தான்கள். நம் ஊருக்கான பொத்தானை அமுக்கினால் போகிற வழியெல்லாம் பல்பு எரியும். பஸ் நிற்கிற இடத்தின் நம்பர் மேலே எரியும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். புதுசு என்பதால் பஸ்ஸுக்குப் போகிறவனும் அமுக்கினான், வேடிக்கை பார்க்க வந்தவனும் அமுக்கினான்.

மாமா அங்கே காக்கிச்சட்டை போட்ட ஒருவரிடம் பழவேற்காடு பஸ் எங்கே என்று கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெட்டியைக் காட்டினார். பூ விற்கிறவளிடம் கேட்டார். அவளும் பெட்டியைத்தான் காட்டினாள். சரி என்று பெட்டிக்கு முன்னால் வந்தார். பேன்ட் போட்ட ஒருவர் அமுக்கியிருந்தார், ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கம் பக்கமாக விளக்கு வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. மாமா இரண்டெட்டு பின்னால் வந்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அந்த ஆளுடைய விளக்கு அணையட்டும் என்று.

அது அணைவதற்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து வேறொன்றை அமுக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம். ஒருவர் விளக்கு எரியும்போதே இன்னொருவர் விளக்கு ஏற்றுகிறார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இது எந்த ஊர் நியாயம்? இத்தனை பேர் ஒரே நேரத்தில் எப்படி முறை வைத்திருக்க முடியும்? யாராவது ஒருவர் வாய் திறந்து சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து பழவேற்காட்டு ஜவுளிக்கடை பரக்கத் பீவி அங்கே வந்தார். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினார். விளக்கு ஓடிப்போய் ஏரிக்கரையில் நின்றது. நம்பரைப் பார்த்துக்கொண்டு, வா போகலாம் என்று மாமாவைக் கூப்பிட்டார். இந்த மனுஷன் போகவேண்டியதுதானே? போகவில்லை. நீங்கள் போங்கள், என் முறை வரட்டும், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவர் கிளம்பிவிட்டார்.

இங்கே பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் அக்கா கோவிந்தம்மாவும் நானும் வெயிலில் காத்துக்கொண்டிருந்தோம். பரக்கத் பீவி இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வூட்டுக்காரரு அங்க போர்டு முன்னாடி நின்னுக்கினு கீறாரும்மா. கூப்ட்டேன், வரல. உடம்புக்கு ஏதாச்சும் முடியலியா?"

 அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டால் போதும், சீட்டுக்குச் சரியாக இருக்கும். அக்காவின் உதடு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் வந்தது. கூடையும் குடமுமாக ஜனம் இறங்கியது. மாமா இறங்கவில்லை. டிரைவர் என்ஜினை அணைக்கிறவரை அக்கா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த் தலைவர் தனக்கோடி நல்ல மனுஷர். பொழுது மரங்களுக்குக் கீழே இறங்குகிறவரை சீட்டை எடுக்காமல் வைத்திருந்தார். அதற்குமேல் வைக்க முடியாது. எடுத்தார்கள். முதல் முறை சுப்பன் என்ற இளவட்டத்துக்கு விழுந்தது. மாமா பேரில் சீட்டே இல்லை.

அம்மனுக்குப் படைத்த பொங்கலைப் பங்கு போட்டு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வந்து சேர்ந்தார். தோளில் புது வலை மூட்டை. இலைகளைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூட்டையை மெதுவாக இறக்கிவைத்தார். என்ன ஆச்சு என்று தனக்கோடி கேட்டார். மாமா நின்றபடியே சொன்னார்.

கடைசியில் எல்லா விளக்கும் அணைந்து அவருக்கு முறை வந்திருக்கிறது. பரக்கத் பீவி அமுக்கின பொத்தானையே அமுக்கியிருக்கிறார். ஏரிவரைக்கும் விளக்கு எரிந்தது, நம்பர் தெரிந்தது, பஸ்ஸும் கண்ணெதிரே நிற்கிறது. நான் அக்காவோடு நின்று வழி பார்த்தேனே, அந்த பஸ்தான். போய் ஏறுகிற தூரம். ஆனால் அமுக்கின பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. விளக்கு அணையவில்லை. மறுபடி அமுக்கினார். தட்டினார். அரிக்கேனை ஊதுகிற மாதிரி கண்ணாடியில் ஊதிக்கூடப் பார்த்தார். வேர்க்கடலை விற்கிறவன் சிரித்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார். மாமா பஸ்ஸைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பஸ் போய்விட்டது. வெகுநேரம் கழித்து யாரோ ஆள் வந்து வயரைப் பிடுங்கினான். எல்லாம் இருட்டான பிறகு மாமா அடுத்த பஸ் ஏறினார்.

 "அது பல்பு மாமா! வெறும் பல்பு!" என்று அத்தனை பேருக்கு முன்னால் கத்திவிட்டேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

"பல்புதான்டா. எனக்குத் தெரியாதா? ஏத்துனது நானு. எரிய வுட்டுட்டு எப்டிடா வர்றது?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இதுதான் என்னை இன்றுவரை குழப்புகிறது. அத்தனை ஆண்களும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் யாரும் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கவில்லை. தனக்கோடி, நானாக இருந்தாலும் நின்றிருப்பேன் என்றார். ஆனால் சீட்டு எடுத்தாகிவிட்டது என்றார். சுப்பன் எழுந்து, என் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன், மறுபடி எல்லாருக்கும் போடுங்கள் என்றான். சில பேர் தலையாட்டினார்கள். எனக்கு உயிர் வந்தது. அந்த உயிரை மாமாவே எடுத்தார். எடுத்தது எடுத்ததுதான், யார் சீட்டையும் கலைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் பங்குப் பொங்கலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அடிக்கவும் வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வலை மூட்டையைப் பிரித்து நைலானைக் கையால் தடவிப் பார்த்தாள். நல்ல வலை என்றாள். பிறகு சொன்னாள்:

"ஏரியில வௌக்க எரிய வுட்டுட்டு நீ வந்திருந்தா நானே உன்ன வூட்ல சேத்திருக்க மாட்டேன். ஆனா அது ஏரி இல்லியேய்யா. இன்னா பண்ணுவேன் நான்?"

 ஏரி இல்லையே என்று மாமாவும் சேர்ந்து சொன்னார். அவருக்கும் உண்மையாகவே தெரியவில்லை. அந்த இடத்தில் என்ன செய்திருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டார். ஓடிப்போய் பஸ் ஏறியிருக்கவேண்டும் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினார்.

அந்த வருஷம் சுப்பன் தன் முறை வருகிற நாட்களில் மாமாவைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டான். தன் வலையை வைத்துவிட்டு மாமாவின் புது வலையையே கட்டினான். சுப்பன் வலைக்குத் தனியாகப் பங்கு வைத்தான், மாமா அதை வாங்கவில்லை. மற்ற நாட்களில் வேலை இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில்.

எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் விற்கப் போவார்கள்; ஏரியில் இறங்கமாட்டார்கள். தண்ணீருக்குள் குனிந்து கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பது கரையைத் தள்ளி உள்ளே இருக்கிற கிராமத்துப் பெண்களின் தொழில். கோட்டைக்குப்பத்தில் கல்யாணமான ஒருத்தி அதில் இறங்கினாள் என்றால் அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. ஒருநாள் காலையில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். லட்சுமி என்று ஒரு அம்மா, அந்தத் தொழிலில் இருக்கிறவள், முதுகில் கூடை கட்டுவதற்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள்.

ஊர்ப் பெண்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.  விஷயம் தெரிந்து மாமா வலைக் கூடாரத்திலிருந்து வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அக்காவின் விரலில் நண்டு கவ்வி ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீ மேலே ஏறு, நான் இறங்குகிறேன் என்று தண்ணீரில் காலை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அக்கா நிமிரக்கூட இல்லை.

"உன் மொற அடுத்த வருசம்யா. இப்ப என் மொற. நீ கரையில நில்லு."

மாமா காலை வெளியே எடுத்துக்கொண்டார். அவள் கூடை நிறைகிறவரை அங்கேயே நின்றார்.