இன்னும் வெளியேறாதவர்

கதவு தட்டப்பட்டால் அருமைநாதன் முதலில் விளக்கை அணைப்பார். அடுத்து தொலைக்காட்சியின் வாயை அடைப்பார். பிறகு மூச்சுக் காட்டாமல் நிற்பார். இரண்டாம் தட்டலுக்கும் ஆள் நகரவில்லை என்றால், சன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து, "ஓ, நீரோ பிள்ளை? வாரும், வாரும்" என்று வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்பார். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த புதிதில், வாடகை கொடுக்கப் போய்ப் பனியில் நின்று திருதிருவென்று விழித்திருக்கிறேன். வாடகை தரவேண்டியவர்கள் ஒளிந்துகொண்டால் நியாயம் உண்டு. வாங்கவேண்டியவர் ஏன் ஒளிகிறார்?

மன்னார்க்காரர். அறுபத்தெட்டு வயது. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். காதோரம் நரைமுடி புதராக மண்டியிருக்கும். சட்டைக்குள் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை. கடைசிச் சட்டையின் பையில் கனடா பாஸ்போர்ட். ஜான்-டலோன் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அது கூடவே போகும். "அங்கிள், கத்தரிக்காய்க்கு யாரும் விசா கேட்க மாட்டாங்க" என்று ஒருமுறை சீண்டினேன். "கேட்டால்?" என்றார்.

அவருக்கு வரும் பிரெஞ்சு முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "ஸே கொம்ப்ளிக்கே." சிக்கலான விஷயம் என்று பொருள். கிடங்கில் மேலாளர் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டாராம். தக்காளி விலைக்கும் அதுதான், மெட்ரோ நின்றுபோனாலும் அதுதான். இப்போது ஒரு வருடமாக தாய்லாந்து விசாவுக்கும் அதுதான்.

தாய்லாந்து யோசனை அவர் மனைவி யோசெப்பினின் விரல்களில் இருந்து பிறந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் தைத்த விரல்கள். வாதம் வந்து, குளிர் தொடங்கினால் மடங்க மறுக்கின்றன. ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது அருமைநாதன் வாசலில் குனிந்து நின்று அவருடைய கோட்டுக்குத் தெறி பூட்டிவிடுவார். பொத்தானைத்தான் அவர்கள் தெறி என்கிறார்கள். அந்நேரம் ஆன்ட்டி கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஒரு விண்டராவது இவ தெறி பூட்டாமல் இருக்கவேணும் பிள்ளை. அவ்வளவுதான் என்ரை ஆசை" என்றார் ஒருநாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

ஆசை சிறியது. வழிதான் மண்டையைக் காயவைத்தது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா உண்டு. அதில் ஓ என்று ஒன்று, ஓ-ஏ என்று ஒன்று, ஓ-எக்ஸ் என்று இன்னொன்று. தமிழ்ப் பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தேநீரோடு நிற்பவர்களிடமெல்லாம் கேட்பார். "சுற்றுலா விசாவிலை போங்கோ அண்ணை, பேந்து அங்கை வைச்சு மாத்தலாம்" என்பார் அவருடைய பழைய கிடங்குத் தோழர் ஜெராட். "ஐயோ, மாத்த ஏலாது, இஞ்சையே எடுக்கவேணும்" என்பார் பக்கத்தில் நிற்பவர். ஆண்டில் பாதிக்கு மேல் வெளியே இருந்தால் கியூபெக் மாகாண மருத்துவ அட்டை போய்விடும் என்று மூன்றாமவர் வயிற்றில் புளியைக் கரைப்பார். திங்கட்கிழமை மாலை இத்தனையும் என் தலையில் வந்து இறங்கும்.

"அங்கிள், தூதரகத்தோட வெப்சைட்லயே எல்லாம் தெளிவா போட்டிருக்காங்க" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். என்னை அவர் பாவமாகப் பார்த்தார்.

"பிள்ளை, உள்ளதை உள்ளபடி நேரா எழுதி வைப்பாங்களோ? இதுக்குப் பின்னாலை ஒரு ஆள் இருப்பான். அவனைப் பிடிக்கவேணும்."

அவர் வாழ்க்கையில் எல்லை தாண்டிய ஒவ்வொரு முறையும் பின்னால் ஓர் ஆள் இருந்திருக்கிறார். ஏஜென்ட் இல்லாத பயணம் அவருக்கு நம்பும்படியாக இல்லை. ஆள் அகப்படவில்லை என்றதும் அடுத்த வேலையில் இறங்கினார். கேஸ் எழுதினார். ஆமாம், அகதி விண்ணப்பத்துக்கு எழுதுவதைப் போலவே. மொன்றியல் குளிரால் தம் இருவர் உயிருக்கும் உள்ள ஆபத்து, வழுக்கி விழுந்த இடங்கள், சாட்சிகள் பெயர்களுடன் மூன்று பக்கம். "கேஸ் வலுவா இருந்தால்தான் தருவாங்கள்" என்றார். வங்கிக் கணக்கு, காப்பீடு, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, இவ்வளவுதான் கேட்கிறார்கள், குளிரின் கொடுமையை யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஏன் போகிறாய் என்று கேட்காமல் ஒரு நாடு எப்படி ஒருவனை உள்ளே விடும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

மருத்துவச் சான்று தனிக்கூத்து. தொழுநோய் இல்லை, யானைக்கால் இல்லை என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். அந்தக் கியூபெக் பெண் டாக்டர் வாழ்நாளில் யானைக்காலைக் கண்டதில்லை. கைபேசியில் படம் தேடிப் பார்த்துவிட்டு, அருமைநாதனின் கால்களைக் குனிந்து பார்த்தாராம். இவரும் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டி, "ஸே கொம்ப்ளிக்கே" என்றாராம். யோசெப்பின் ஆன்ட்டி இதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து, வலிக்கும் கையையும் மேசையில் தட்டினார்.

எல்லாம் சேர்ந்த பிறகும் விண்ணப்பம் நகரவில்லை. இன்றைக்கு ஆகாது, நாளைக்குப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டே போனார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உண்மையா போகணுமா வேண்டாமா, அங்கிள்?" என்று கேட்டேவிட்டேன். அவர் எழுந்துபோய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"தொண்ணூறாம் ஆண்டு பேங்கொக்குக்கு வந்தனாங்கள் பிள்ளை, நானும் இவவும். எங்கடை சொந்தப் பாஸ்போட்டிலை, சுற்றுலா விசா. ஏஜென்ட் ஒரு மாதம் எண்டான். எட்டு மாதம் ஒரு அறைக்குள்ளை கிடந்தம். விசா முடிஞ்சிட்டுது. கதவு தட்டினால் பொலிஸ்தான். லைற்றை நூத்துப்போட்டு இருப்பம். பேந்து வேறை ஆக்களின்ரை பாஸ்போட்டிலை வெளிக்கிட்டனாங்கள். விளங்குதோ? உள்ளுக்கு வந்த பதிவு இருக்கு. வெளியாலை போன பதிவு இல்லை. அவங்கடை கணக்குப்படி நாங்கள் இன்னும் அங்கைதான் நிக்கிறம்! அங்கை நிக்கிறவன் உள்ளுக்கு வாறன் எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

நான் ஆடிப்போனேன். விளக்கு அணைந்த அத்தனை மாலைகளும் ஒரே நொடியில் புரிந்தன.

"பகிடி என்னெண்டால்," என்றார், "இப்ப விசா தந்தால் தொண்ணூறு நாளைக்கொருக்கா நானாப் போய், நான் இஞ்சைதான் இருக்கிறன் எண்டு அவங்களுக்குச் சொல்லவேணுமாம்."

ஜனவரியில், நான்கரை மணிக்கே இருட்டிவிட்ட ஒரு மாலை, அவர்கள் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தோம். பெயர், பிறப்பு, முகவரி எல்லாம் ஓடியது. பிறகு அந்தக் கேள்வி வந்து நின்றது: இதற்கு முன் தாய்லாந்துக்கு வந்ததுண்டா?

"இல்லையெண்டு போடும்" என்றார் அருமைநாதன். "ஜெராட்டும் அதைத்தான் சொன்னவன். இப்ப கனடாப் பாஸ்போட். முப்பது வருசத்துக்கு மேலை. ஆர் கண்டது?"

"ஓம் எண்டு போடு பிள்ளை" என்றார் யோசெப்பின் ஆன்ட்டி.

"உனக்கென்ன விசரே? தராட்டி என்ன செய்யிறது? இந்தக் கையோடை இன்னொரு விண்டரோ? இல்லாட்டி அங்கை இறங்கின உடனை பிடிச்சு உள்ளை போட்டாங்களெண்டால்?"

"போடட்டும். உள்ளுக்கும் சூடாத்தானே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி வீங்கிய விரல்களை மேசைமேல் விரித்து வைத்தபடி என்னைப் பார்த்துப் பேசினார்.

"அந்த அறையிலை ஒரு சன்னல் பிள்ளை. கீழை ஒருத்தி அன்னாசி வெட்டி விக்கிறவ. எட்டு மாதமும் மணத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். இறங்கிப் போய் ஒரு துண்டு வாங்கப் பயம். இந்தமுறை நான் றோட்டிலை நிண்டு சாப்பிடவேணும். ஒளிச்சுப் போறதெண்டால் எனக்கு அந்த நாடு வேண்டாம். இஞ்சையே குளிருக்குள்ளை கிடக்கிறன்."

அருமைநாதன் நெஞ்சுப் பக்கம் பாஸ்போர்ட்டைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன். உடனே புதிதாக ஒரு பெட்டி திறந்தது: விவரம் எழுதவும்.

"அங்கிள், உங்க கேஸ் எழுத இடம் குடுத்துட்டாங்க" என்றேன். மேசையில் அவருடைய மூன்று பக்கமும் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எழுதும் பிள்ளை. வந்தனாங்கள். பயத்திலை ஒளிச்சிருந்தனாங்கள். மற்றாக்களின்ரை பேரிலை போனனாங்கள். இந்தமுறை எங்கடை பேரிலை வர விருப்பம்."

நான் அதை ஆங்கிலத்தில் எழுதி, படித்துக்காட்டி, அனுப்பினேன். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. இது சரியா, கைக்கு வரவிருந்த விசாவைக் கெடுத்துவிட்டோமா என்று அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

அருமைநாதன் விருட்டென்று எழுந்தார். பழகிய கை சுவரில் சுவிட்சைத் தேடிப் போய் அதன்மேல் நின்றது. யோசெப்பின் ஆன்ட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்தார்.

"ஆரது? நில்லுங்கோ, வாறன்!" என்று உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போய், வெளி விளக்கையும் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.