மாதாவைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வந்தாள்

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் ஓரத்தில், கக்கத்துக்குக் கிட்ட, ஒரு கட்டி. நோவு இல்லை. நோவில்லாதபடியால் பயமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இதை வாசிக்கிற நீங்கள் தயவுசெய்து அந்த விசர்வேலையைச் செய்யாதீர்கள்.

பயொப்சி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவு புற்றுநோய் என்று வந்தது. கூட யாரும் வரவில்லையா என்று டாக்டர் கேட்டார். எல்லாருக்கும் வேலை என்றேன். பச்சைப் பொய். கணவர் இறந்து கனகாலம், பிள்ளைகள் இல்லை.

தங்கச்சி மெர்லின் இருந்தாள். நான் செவன் ஹில்ஸில், அவள் பக்கத்து ஊரான பிளாக்டவுனில். ஆனால் அம்மாவின் சாவுக்குப் பிறகு எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. எங்கள் ஊரான மன்னாரில் அம்மா கண்மூடியபோது, முன்னதாகவே போய்ப் பக்கத்தில் நின்றவள் அவள். நான் வரும்வரை உடலை வைத்திருங்கள் என்று கெஞ்சிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். போய் இறங்கியபோது கல்லறையில் ஈரமண்தான் இருந்தது. அம்மாவின் முகத்தை எனக்குக் காட்டாமல் புதைத்துவிட்டாள் என்ற கோபத்தை நான் விடவேயில்லை. அவளும் வரும் தமிழ்ப் பூசையில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும் நேரம் வந்தால் மெல்ல வெளியே நழுவிவிடுவேன். நோய் வந்தபின் பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

கீமோ (நோய்க் கலங்களைக் கொல்லும் மருந்தை நாளம் வழியே ஏற்றுவது) தொடங்கியதும் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் சனம் சாப்பாட்டுச் சட்டியோடு வந்து, உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரி வைத்துவிடும். ஆனால் வீட்டில் மயங்கி விழுந்தால் யார் கதவைத் திறப்பது? குளியலறைக்கும் ஃபோனைக் கொண்டுபோனேன். செபிக்கவும் வரவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலும் முதல் மணியிலேயே திரும்ப வைத்துவிடுவேன்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மயக்கமருந்து கொடுப்பதால் தனியே வீட்டுக்கு விடமாட்டோம், கூட்டிப்போய் கூடவே தங்க ஒருவர் வேண்டும், அவர் பெயரைச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். பிறகு சொல்கிறேன் என்று சமாளித்தேன். சொல்ல ஒரு பெயரும் இல்லை என்ற நினைப்பு, புற்றுநோயைவிட அதிகமாக என்னைப் பயப்படுத்தியது.

ஒக்டோபரில் மாதா சுருபம் (சிலை) எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். வைத்திருந்தவர்களே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போய், செபமாலை சொல்லி ஒப்படைக்க வேண்டும். எங்கள் இரண்டு வீட்டையும் யாரும் பட்டியலில் அடுத்தடுத்துப் போடுவதில்லை. சங்கதி எல்லாருக்கும் தெரியும். இந்த முறை பொறுப்பெடுத்த பொனிபாஸ் அங்கிள் மெல்பேர்னிலிருந்து புதிதாக வந்தவர். கிட்டக்கிட்ட வீடுகள்தானே என்று மெர்லினுக்குப் பிறகு என்னைப் போட்டுவிட்டார்.

"பிள்ளை, நாளைக்குப் பின்னேரம் மெர்லின் வீட்டிலயிருந்து மாதா வாறா. வீட்டில நிப்பீங்கள்தானே?" என்று ஃபோனில் கேட்டார்.

மாதாவை வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

"ஓம் அங்கிள்."

மறுநாள் மணி அடித்தபோது கதவுக்குப் பின்னால் நின்றேன். திறக்காவிட்டால் போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன். திறந்தேன். மெர்லின் தனியே நின்றாள், சுருபத்தை இரண்டு கையாலும் அணைத்தபடி. என் தலையில் கட்டியிருந்த துவாயையும் புருவமில்லாத முகத்தையும் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, என்ன இது?"

"முதல்ல மாதாவை வை," என்றேன். என் திமிருக்கு அப்போதும் குறைச்சலில்லை.

கொண்டுவந்தவர் ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்ல, வீட்டுக்காரர் மறுபாதியைச் சொல்லவேண்டும். கூட்டம் இருந்தால் முணுமுணுத்துத் தப்பலாம். அங்கே நாங்கள் இரண்டே பேர். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கும் பரலோக மந்திரத்தில் அவள் தன் பாதியை முடித்தாள். எங்களுக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பதாக, மன்னிப்பதாகச் சொல்லும் வரி என் பாதியில்தான் வருகிறது. உணவு கேட்கும் இடம்வரை சொன்னேன். அதற்குமேல் வாய் வரவில்லை. எனக்குப் பதிலாக அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. முழங்காலில் நின்றபடியே அழத் தொடங்கினாள்.

"மாமா ஆக்கள் பெட்டியை மூடச் சொல்லேக்க நான் மறிச்சிருக்கவேணும், அக்கா. பயத்தில வாயே திறக்கேல்ல. பிறகு உன்ர முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சுது."

"அம்மான்ர முகத்தை ஒருக்காப் பாக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தனான்."

"தெரியும் அக்கா. தெரியும்."

கோபம் அந்த நிமிடமே கரைந்துபோனது என்று எழுதினால் பொய். ஆனாலும் என் பாதியைச் சொல்லி முடித்தேன். ஆண்டவர் தந்த பலம் அன்றைக்கு அவ்வளவுதான், அது போதுமாயிருந்தது. செபமாலை முடிந்தபின் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்பதையும்.

"இதையும் கேக்கவேணுமோ? நான் வாறன்," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மார்பையும் கக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் (நோய் முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். மெர்லின் என் வீட்டிலேயே தங்கினாள். முதல்நாள் உடம்பு துடைத்துவிட்டபோது, நான் பார்க்கப் பயந்த, வெட்டின இடத்தைக் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் தைச்சிருக்கினம்," என்றாள், ஏதோ சட்டை வாங்க வந்தவள் மாதிரி. சிரித்துவிட்டேன். தையல் உயிர்போக நொந்தது.

இடது கை இன்னும் முழுதாக உயராது. சட்டை போட, திரும்ப முளைத்த தலைமயிரைச் சீவ, எல்லாவற்றுக்கும் உடம்பிடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. என் காலண்டரில் இப்போது மாதங்கள் இல்லை. ஒரு சோதனை, அடுத்த சோதனை, அவ்வளவுதான். சின்ன இருமலுக்கும் நோய் திரும்பிவிட்டதோ என்று பயம். விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் போகவில்லை.

போன கிழமையும் ஸ்கானுக்குப் போயிருந்தோம். மெர்லின் மீன் விலையிலிருந்து சாமியாரின் பிரசங்கம்வரை ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் எழும்பினோம்.